எழுபது வளைவும் ஒரு டெண்டர் பெட்டியும்

கொல்லிமலை போயிட்டு வந்தா ஆகாயகங்கை அருவி படம் நாலு, அறப்பளீஸ்வரர் கோயில் கோபுரம் ஒண்ணு, கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்த கதை ஒண்ணுன்னு பதிவு போடறதுதான் வழக்கம். இந்தப் பதிவுல அருவி கிடையாது. வாந்தியும் கிடையாது. ஒரு நோட்டீஸ் போர்டு மட்டும்தான் இருக்கு. அருவி தேடி வந்தவங்க இப்பவே கழண்டுக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

டிஸ்கி: நான் வக்கீலும் இல்லை, காண்டிராக்டரும் இல்லை. சட்டத்தைப் படிச்சுப் பார்த்த சாதாரண ஆள்.

மலை மேல ஒரு டீக்கடை. எதிர்த்தாப்புல ஒரு அரசு அலுவலகம். வேனுக்கு டயர் மாத்திக்கிட்டிருந்த நேரத்துல சும்மா அந்த போர்டைப் படிச்சேன். "சிறுபாலம் அமைக்கும் பணிக்கு ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன." மதிப்பீடு இவ்வளவு, முன்வைப்புத்தொகை இவ்வளவு, கடைசி நாள் இன்னது. அந்தக் கடைசி நாள் முடிஞ்சு ஒரு வாரம் ஆகியிருந்தது. மழையில தாளு பாதி ஊறிப்போயிருந்தது. பக்கத்துல பலாப்பழ மூட்டையோட உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்.

"தம்பி, அதுல என்ன எழுதியிருக்குது?"

"பாலம் கட்டறதுக்கு டெண்டர் விட்டிருக்காங்கய்யா."

"எங்கூருக்குங்களா?"

ஊர் பேரைச் சொன்னார். நோட்டீஸ்ல அந்த ஊர் இல்லை. இல்லைன்னு சொன்னதும் தலையை ஆட்டிட்டு பஸ் வர்ற திசையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனா இறங்கி வர்ற எழுபது வளைவுக்கும் எனக்கு அதே யோசனைதான். இந்த நோட்டீஸ் யாருக்காக ஒட்டியிருக்கு? பாலத்துல நடக்கப் போறவருக்கா, பாலம் கட்டப் போறவருக்கா?

முதல்ல பழைய கதை. கொல்லிமலைன்னாலே வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தன். செம்மேட்டுல குதிரை மேல வில்லோட நிக்கறான், ஆடி பதினெட்டுக்கு அரசு விழா எடுக்குது. ஓரி காலத்துல டெண்டர் தேவைப்படலை. பாடினவனுக்குக் கொடுத்தான், கேட்டவனுக்குக் கொடுத்தான். அவன் கொடுத்தது அவனோட பொருள். ஊர்ப் பணத்தை எடுத்து இன்னொருத்தர் கையில கொடுக்கும்போதுதான் விதி தேவைப்படுது. அதுக்குத் தமிழ்நாட்டுல பழைய சாட்சி உத்திரமேரூர்க் கல்வெட்டு. (வரலாற்றுப் பதிவுன்னா உத்திரமேரூர் வராம இருக்குமா, ஹி ஹி.) எல்லாரும் குடவோலையைத்தான் பேசுவாங்க. முதலாம் பராந்தகன் காலத்து அந்த 919, 921-ஆம் வருஷக் கல்வெட்டுகள்ல எனக்குப் பிடிச்சது தகுதியிழப்புப் பட்டியல். வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்கக்கூடாது. அவனோட நெருங்கின சொந்தக்காரங்களும் நிக்கக்கூடாது. இன்னிக்கு பிளாக்லிஸ்ட்னு சொல்றோமே, அதோட தாத்தா.

அடுத்த ஆயிரம் வருஷத்தை ஒரே தாவா தாவி கம்பெனிக்காரன் காலத்துக்கு வந்துடறேன். ஏன்னா கொல்லிமலை அடிவாரத்துக்கும் போட்டி ஏலத்துக்கும் உள்ள பெரிய சம்பந்தம் அங்கதான் இருக்கு.

1792-ல் திப்பு தோத்து, ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி சேலமும் பாராமஹாலும் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு கலெக்டர், அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. இவங்க விவசாயிகிட்டயே நேரா வரி வாங்கற முறையை இங்கதான் பழகிப் பார்த்தாங்க. ஆனா மேல இருந்தவங்களுக்கு வங்காளத்துல பண்ணின மாதிரி நிரந்தரத் தீர்வை வேணும். அதனால 1802-ல் இருந்து சேலம் ஜில்லாவை 'மிட்டா'ன்னு துண்டு துண்டாப் பிரிச்சு பகிரங்க ஏலம் விட்டாங்க. யார் அதிகம் கேட்கறாங்களோ அவங்க மிட்டாதார். இன்னிக்கு நாமக்கல் மாவட்டமா இருக்கற நாமக்கல், ராசிபுரம் எல்லாம் அன்னிக்கு சேலத்தோட சேர்ந்ததுதான்.

என்ன ஆச்சு? ஏலத்துல சூடேறி கட்டுப்படியாகாத விலைக்கு எடுத்தவங்க நிறைய. நிலம் எவ்வளவு விளையும்னு தெரியாத வெளியூர்க்காரன் கையை உசத்திட்டான். எடுத்த விலையைத் தேத்த குடியானவனைப் பிழிஞ்சான். அப்பவும் தேறலை. சில வருஷத்துலயே பல மிட்டாக்கள் பாக்கிக்காக சர்க்கார்கிட்டயே திரும்பி வந்துச்சு. இன்னிக்குப் பொருளாதாரக்காரங்க இதை 'ஜெயிச்சவன் சாபம்'னு சொல்றாங்க. 1971-ல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர்கள் மூணு பேர், கடல்ல எண்ணெய் எடுக்கற உரிமை ஏலத்தைப் பத்தி எழுதின கட்டுரையில இருந்து பரவின பேரு அது. போட்டியில ஜெயிக்கறவன் பெரும்பாலும் கணக்கைத் தப்பாப் போட்டவனாத்தான் இருப்பான்ங்கறதுதான் விஷயம். ஏலத்தைப் பத்தின ஆராய்ச்சிக்கே 2020-ல் மில்கிரமுக்கும் வில்சனுக்கும் நோபல் பரிசு கொடுத்தாங்க. சேலத்துக் குடியானவனுக்கு இது 1805 வாக்குலயே தெரியும், பரிசுதான் கிடைக்கலை.

ஏலத்துல அதிக விலை கேட்டவன் ஜெயிப்பான், டெண்டர்ல குறைஞ்ச விலை போட்டவன் ஜெயிப்பான். தலைகீழா நிறுத்தினா ரெண்டும் ஒண்ணுதான். கட்டுப்படியாகாத விலைக்கு எடுத்தா ஏலத்துல குடியானவன் தலையில விடியும், டெண்டர்ல சிமெண்டு தலையில விடியும்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க பெரியப்பா நாலாம் வகுப்பு காண்டிராக்டர். அதாவது சின்ன வேலைகளுக்கு மட்டும் பதிவு பண்ணின ஆளு. ஸ்கூல் காம்பவுண்டு, வாய்க்கால், கல்வெர்ட்டுன்னு காலத்தை ஓட்டினவர். எண்பதுகள்ல சமவெளியில ஒரு ஊர்ல நடந்த டெண்டரைப் பத்தி அவர் சொன்னது இது. ஆபீஸ் வராண்டாவுல பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. மூணு மணிக்குள்ள கவரைப் போடணும். பெட்டியைச் சுத்தி பத்துப் பேர் சும்மா நிப்பாங்க. அவங்க யாரையும் அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. "அண்ணா, வாங்க டீ சாப்பிடலாம்"னு தோள்ல கையைப் போட்டு கூட்டிட்டுப் போவாங்க. டீ முடியறப்ப மணி மூணேகால்.

"அப்ப போலீசுக்குப் போகலையா பெரியப்பா?"

"டீ வாங்கிக் குடுத்தான்னு கேசு குடுக்கச் சொல்றியா கண்ணு?"

இதுக்கு அவங்க பாஷையில 'ரிங்'னு பேரு. ஏழெட்டுப் பேர் முன்னாடியே உட்கார்ந்து, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்குன்னு பிரிச்சுக்கறது. ஒருத்தர் எஸ்டிமேட்டுக்கு ரெண்டு சதம் கூட போடுவார், மீதிப் பேர் ஏழு, எட்டுன்னு கூடப் போட்டு துணைக்கு நிப்பாங்க. காகிதத்துல பார்த்தா அருமையான போட்டி. பெரியப்பா வெளியில நின்ன காலமும் உண்டு, உள்ள உட்கார்ந்த காலமும் உண்டு. அதை அவர் மறைச்சதில்லை.

அந்தக் காலத்துல தமிழ்நாட்டுல டெண்டருக்குன்னு தனிச் சட்டமே கிடையாது. துறைக் கையேடு, நிதி விதி, அரசாணை இதுங்கதான். அதிகாரி அதை மீறினா? "அது எங்க ஆபீஸ் நடைமுறை, நீ கேட்க முடியாது"ம்பாங்க. இந்தப் பதிலுக்கு 1979-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முட்டுக்கட்டை போட்டது. பம்பாய் ஏர்போர்ட்டுல ஒரு ஓட்டலும் ரெண்டு சிற்றுண்டிக் கடையும் நடத்தற டெண்டர். அஞ்சு வருஷ அனுபவம் உள்ள பதிவு பெற்ற ஓட்டல்காரர்தான் போடலாம்னு நோட்டீஸ்ல போட்டுட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்கே கொடுத்துட்டாங்க. ரமணா தயாராம் ஷெட்டி வழக்குன்னு சட்டம் படிச்சவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. நீதிபதி பகவதி எழுதின தீர்ப்பு: அரசு தானே ஒரு தகுதியை வெச்சா, அதுக்கு அரசும் கட்டுப்படணும். தனக்குத் தோணினவங்களுக்கு அள்ளிக் கொடுக்க அது யார் வீட்டுச் சொத்தும் இல்லை.

சரி, அந்த டெண்டர் ரத்தாச்சா? ஆகலை! வழக்குப் போட்டவர் தாமதமா வந்தார், அதுக்குள்ள அந்த ஆள் செலவு பண்ணிட்டார்னு சொல்லி வேலையை அப்படியே விட்டுட்டாங்க. டெண்டர் விவகாரத்துல நாளுங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு இதுல இருந்தே புரிஞ்சுக்கலாம்.

நம்ம ஊர்ச் சட்டம் வந்தது 1998-ல். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். பேரு கொஞ்சம் நீளம். விதிகள் 2000-ல் வந்து நடைமுறைக்கு வந்தது. அரசு கொள்முதலுக்குத் தனிச் சட்டம் போட்டதுல இந்தியாவுலயே தமிழ்நாடுதான் முதல். கர்நாடகா அடுத்த வருஷம் போட்டது. மத்திய அரசு 2012-ல் லோக்சபாவுல ஒரு மசோதா கொண்டு வந்து, அது 2014-ல் காலாவதியாப் போச்சு. உலக அளவுல 1994-ல் ஐ.நா.வோட வணிகச் சட்ட ஆணையம் கொள்முதலுக்கு ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டிருந்தது. உலக வங்கியும் கடன் கொடுக்கற இடத்துல எல்லாம் இதையே பேசிக்கிட்டிருந்தது. உள்ளூர்லயும் காத்து சூடாத்தான் இருந்தது. முந்தின ஆட்சியில பஞ்சாயத்துகளுக்கு கலர் டிவி வாங்கினது வழக்காகி 1996-ல் கைது வரைக்கும் போனது நினைவிருக்கும். அந்த வழக்குல ஜெயலலிதா 2000-ல் விடுதலை ஆனார்ங்கறதையும் சேர்த்தே சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல கும்மி எடுத்துடுவீங்க.

சட்டத்தைப் படிச்சா எல்லாரும் 'குறைஞ்ச விலை'யைத்தான் பிடிச்சுக்கறாங்க. எனக்கென்னவோ அதோட உயிர் வேற இடத்துல இருக்கறதாத் தோணுது. முதல்ல, மாவட்டத்துக்கு ஒரு டெண்டர் இதழ், மாநிலத்துக்கு ஒரு டெண்டர் இதழ். அறிவிப்பு அதுல வரணும். அடுத்து, அவகாசம். ரெண்டு கோடி வரைக்கும் குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேல 30 நாள். குறைக்கணும்னா மேலதிகாரி காரணத்தை எழுத்துல வைக்கணும். பிரிக்கும்போது போட்டவங்க கூட இருக்கலாம். எப்படி மதிப்பிடுவோம்னு டெண்டர் காகிதத்துலயே சொல்லிடணும், அளக்கக்கூடிய விஷயமா இருக்கணும். பேரம் பேசணும்னா குறைஞ்ச விலை போட்டவர்கிட்ட மட்டும்தான் பேசலாம். ரெண்டாவது ஆளைக் கூப்பிட்டு "நீ எவ்வளவு குறைப்பே"ன்னு காதைக் கடிக்கக்கூடாது. முடிவு பிடிக்கலையா, பத்து நாளைக்குள்ள அரசுக்கு அப்பீல் பண்ணலாம்.

பெரியப்பா கேட்ட நியாயத்துல முக்கால்வாசி இதுல இருக்கு. பெட்டியைச் சுத்தி நின்ன பத்துப் பேரைப் பத்தி மட்டும் ஒண்ணும் இல்லை. போட்டியாளர்களே கூட்டு சேர்றதைத் தொடற சட்டம் வேற, 2002-ஆம் வருஷப் போட்டிச் சட்டம். அதுல டெண்டர் கூட்டுச்சதியைத் தடுக்கற பிரிவு 2009-ல்தான் அமலுக்கு வந்தது. இப்ப தகரப் பெட்டி போயி கம்ப்யூட்டர் வந்துடுச்சு, டீ வாங்கிக் கொடுக்க ஆளும் வேண்டாம் வராண்டாவும் வேண்டாம். ஆனா போட்டியாளர்கள்னு சொல்லிக்கிட்டவங்க ஒரே இணைய முகவரியில இருந்தே டெண்டர் போட்டிருக்காங்கன்னு சென்னை, கோவை மாநகராட்சி வேலைகளைப் பத்தி அறப்போர் இயக்கம் 2018-ல் புகார் கிளப்பி, அது கோர்ட்டு வரைக்கும் போச்சு. பெரியப்பாகிட்ட சொன்னேன். "ஒரே டீக்கடைன்னு சொல்லு"ன்னார்.

இப்ப மறுபடி மலை ஏறுவோம்.

கொல்லிமலையில மொத்தம் 14 பஞ்சாயத்து, எல்லாமே 'நாடு'ன்னு முடியும். வளவந்தி நாடு, வாழப்பூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, இப்படி. 1997 ஜனவரில நாமக்கல் மாவட்டம் பிறக்கற வரைக்கும் ஜில்லாத் தலைநகர் சேலம். பஞ்சாயத்துல ஆகாத பெரிய வேலைன்னா பார்வை அந்தப் பக்கம்தான். இங்க ஒரு சின்னப் பாலம் கட்டணும்னா ஜல்லி, கம்பி, சிமெண்டு எல்லாம் கீழ இருந்து வரணும். கணக்குல இதுக்கு 'லீடு'ம்பாங்க, சுமந்து வர்ற தூரத்துக்கான கூலி. காரவள்ளியில இருந்து லாரி எழுபது வளைவு ஏறணும். பாதி லோடுக்கு மேல ஏத்த டிரைவர் ஒத்துக்க மாட்டார். ரோட்டுல இறக்கினப்புறம் ஊருக்குள்ள தலைச்சுமை. கொத்தனார் தங்கணும், மழைக்காலத்துல வேலை நிக்கும். எஸ்டிமேட்டுல மலைக்குன்னு கூடுதல் போட்டிருப்பாங்க, ஆனா அது போதுமாங்கறது அந்தப் பாதையில நடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அதனால சின்ன வேலைக்கு மலைக்கு வர்றதே ஒண்ணு ரெண்டு பேர். அங்க ரிங் போட ஆளே தேவையில்லை, தூரமே ரிங் போட்டுடுது. போட்டியே இல்லாத இடத்துல போட்டி விதி என்ன பண்ணும்? ஒரே டெண்டர் வந்தா மறுபடி கூப்பிடலாம். கூப்பிட்டா அதே ஆள்தான் வருவார், ஒரு மழைக்காலம் போயிடும். இதுக்கு நடுவுல மண் சரிஞ்சு ரோடு அடைச்சா அது வேற கதை. இயற்கைச் சீற்றம், அரசு அறிவிச்ச அவசரம்னா டெண்டர் இல்லாமலே வேலை கொடுக்கலாம்னு சட்டத்துலயே விலக்கு இருக்கு. நியாயமான விலக்குதான். ரோடு அடைச்சிருக்கும்போது முப்பது நாள் காத்திருன்னு பிரசவ வலி வந்த பொண்ணுகிட்ட சொல்ல முடியாது.

இதே மலையில டெண்டரும் இல்லாம ஏலமும் இல்லாம போன பொருள் ஒண்ணு உண்டு. பாக்சைட். மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டுல இருந்தும் கொல்லிமலையில இருந்தும் பாக்சைட் போச்சு. சிறுபாலத்துக்கு நோட்டீஸ் ஒட்டணும், நாள் கொடுக்கணும், கவர் பிரிக்கணும். மலையையே வெட்டி எடுக்கற குத்தகைக்கு? 1957-ஆம் வருஷச் சுரங்கச் சட்டப்படி முதல்ல மனு போட்டவருக்கு முன்னுரிமை. அவ்வளவுதான். அது அன்னிக்குச் சட்டப்படி சரியான முறை, யாரையும் குத்தம் சொல்லலை. 2008-ல் மேட்டூர்ல அலுமினிய உற்பத்தி நின்னுச்சு. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு 122 அலைக்கற்றை லைசென்சை ரத்து பண்ணினப்ப 'முதல்ல வந்தவனுக்கு முதல்ல'ங்கற முறை அடி வாங்கிச்சு. அதே வருஷம், எல்லா இயற்கை வளத்தையும் ஏலம்தான் விடணும்னு கட்டாயம் இல்லைன்னும் கோர்ட்டு சொன்னது. 2014-ல் 214 நிலக்கரி ஒதுக்கீடு ரத்தாச்சு. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி கனிமக் குத்தகைக்கு ஏலம் கொண்டு வந்தாங்க. ஆக, ஒரு கல்வெர்ட்டுக்கு இருந்த சட்டம் மலைக்கு வர்றதுக்கு ஒண்ணரை மாமாங்கம் ஆயிருக்கு.

சரி, அந்தப் பலாப்பழப் பெரியவர்? டெண்டர் சட்டத்துல அவருக்கு இடமே இல்லை. அப்பீல் பண்ற உரிமை டெண்டர் போட்டவருக்குத்தான், பாலத்துல நடக்கறவருக்கு இல்லை. அவருக்கு வழி வேற சட்டத்துல இருக்கு. 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்துல ஃபைல் மட்டும் இல்லை, வேலையையே நேர்ல பார்க்கலாம், பொருள்ல மாதிரி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். கொட்டின கான்கிரீட்டுல ஒரு துண்டு! எம்-புக்குல எழுதின அளவும் தரையில இருக்கற அளவும் ஒண்ணான்னு பார்க்கலாம். நூறு நாள் வேலைச் சட்டம் இன்னும் ஒரு படி மேல போய் காண்டிராக்டரே கூடாதுன்னு 2005-ல் சொல்லிச்சு. ஆனா எதுக்கும் முதல்ல எந்த வேலை, எவ்வளவு ரூபாய், என்னிக்குன்னு தெரியணும். அதைச் சொல்ற தாளு மழையில ஊறிக்கிட்டிருந்தது. ஆன்லைன்ல இருக்குமே அப்படீங்கறீங்களா? எனக்கு அங்க போனுல சிக்னலே வரலை.

வீட்டுக்கு வந்து பெரியப்பாவுக்குப் போன் பண்ணினேன். "கொல்லிமலை வேலை எதுவும் எடுத்திருக்கீங்களா"ன்னு கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு. சப்-காண்டிராக்டு. ரோட்டுல இருந்து இறங்கற நடைபாதையில ஒரு சின்னக் கல்வெர்ட்டு. கைக்காசு போட்டுத்தான் முடிச்சேன். கம்மியாக் கேட்டுட்டேன், ஏறிப் பாக்காமயே ரேட்டு போட்டேன்."

சேலத்து மிட்டா ஏலக் கதையைச் சொன்னேன். சிரிச்சார்.

"இப்பப் போனியே, சோளக்காடு சந்தைப் பக்கம் போனியா?"

"போனேன் பெரியப்பா."

"அதுக்குக் கிட்டத்தாலதான். வலது கைப் பக்கம் எறங்கோணும். நிக்குதா அது? அடியில தண்ணி போகுதா, அடைச்சுக்கிச்சா?"

பார்க்கலையேன்னேன்.

"அத்தன தூரம் போயிட்டு..."ன்னு போனை வெச்சுட்டார்.